பதினேழாவது வரி

கியாமூலு மருத்துவமனை வாசலில் கிமன்சி பிக்கப்பை நிறுத்தியபோது மணி பத்தே முக்கால். நைரோபியிலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கிளம்பியவன். வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்ததில் ஒரு மணி நேரம், போலீஸ் மறிப்பில் அரை மணி நேரம் போயிற்று. இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றான். கம்ப்யூட்டர் சர்வர் தூக்கி மாட்டும் வேலையில் பதினான்கு வருடம் ஓட்டியவனுக்கு மிச்சம் இடுப்பு வலியும், எந்த அறைக்குள் நுழைந்தாலும் அதன் நீள அகலத்தை அளக்கிற கண்ணும்தான். பிள்ளைகளின் பள்ளி விழாவுக்குப் போனால்கூட மேடைக்கு மின்சாரம் எந்தச் சுவரிலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

செப்டம்பர் காற்று செம்மண்ணை அள்ளி முகத்தில் வீசியது. ஆறு வாரத்துக்கு முன் இதே வாசலில்தான் அவன் அட்டைப் பெட்டியை இறக்கினான். இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனான். அந்த சர்வர்தான் செத்துவிட்டதென்று திங்கட்கிழமை காலை போன் வந்தது. ஆறு வாரத்தில் சாகிற சாமானா அது? ஏழு வருடத்துக்கு அசையாமல் ஓட வேண்டியது.

பதிவேட்டு அறை வாசலில் கலுக்கி நின்றிருந்தாள். அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த மகன் பெயர் மூமோ, அதனால் டாக்டர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் மூமோ அம்மா. ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடமாக நோயாளிகளின் அட்டைகள் அவள் கையில்தான். அறைச் சாவி கழுத்தில் கயிற்றில் தொங்கும். அன்று கையில் ஒரு துணிப்பையும் இருந்தது.

"வாங்க என்ஜினியர். பயணமெல்லாம் எப்படி?"

"நல்லபடியா இருந்துச்சு மூமோ அம்மா. வீட்டுல எல்லாரும் சுகமா?"

"சுகம். மழைதான் இல்ல. உங்க பக்கம் பெஞ்சுதா?"

"எங்க பக்கமும் இல்ல. ஆடு மாடெல்லாம்?"

"இருக்குங்க. எலும்பும் தோலுமா நிக்குது."

வீடு, மழை, மாடு மூன்றையும் விசாரிக்காமல் செத்த சர்வரைப் பற்றி அந்த ஊரில் வாயைத் திறக்க முடியாது. மாடு முடிந்ததுமே அவள் குரல் உடைந்தது.

"நான்தாங்க அதக் கொன்னுட்டேன்," என்றாள்.

பதினான்கு வருடத்தில் ஒரு சர்வரைக் கொன்றதாக ஒருவர் தாமே முன்வந்து சொல்லிக் கிமன்சி கேட்டதில்லை. எல்லா ஊரிலும் அது தானாகவே செத்திருக்கும்.

அறையின் ஒரு பாதியில் அட்டைகள் அடுக்கிய மர அலமாரிகள். மறு பாதியைப் பலகை வைத்துத் தடுத்து சர்வருக்குக் கொடுத்திருந்தார்கள். ஆள் உயர இரும்புக் கூண்டு, அதற்கு முன்னும் பின்னும் சல்லடை போல ஓட்டை போட்ட கதவுகள். உள்ளே, இடுப்புக்குக் கீழே, இரண்டு செங்கல் கனத்துக்கு சர்வர் படுத்திருந்தது. விளக்கு எதுவும் எரியவில்லை. கதவைத் திறந்தான். கருகிய பிளாஸ்டிக் வாடை இத்தனை நாளாகியும் போகவில்லை. மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்ன ஆச்சு? மொதல்லேர்ந்து சொல்லுங்க," என்றான்.

அவள் பையிலிருந்து அதை எடுத்துத் தரையில் விரித்தாள்.

கொக்கி ஊசியால் பின்னிய உறை. வெள்ளை நூலில் பூக்கள், ஒவ்வொரு பூவுக்கும் நடுவில் மஞ்சள் பொட்டு, கீழ் விளிம்பில் சுற்றிலும் குஞ்சம். கூண்டு முழுவதையும் தலையிலிருந்து கால்வரை மூடும் அளவு. அந்தப் பக்கத்து வீடுகளில் சோபா முதுகு, ரேடியோ, டிவி, பிரிட்ஜ், பிளாஸ்க் என்று மதிப்புள்ள எதுவும் கிதம்பா என்கிற இந்தப் பின்னல் உறையைப் போர்த்தாமல் நிற்காது. போர்த்தாத டிவி உள்ள வீட்டுக்குள் விருந்தாளி நுழைந்தால் அந்த வீட்டுப் பெண்ணின் மானம் போயிற்று. கிமன்சியின் வீட்டில் தண்ணீர் வடிகட்டிக்குக்கூட ஒன்று இருக்கிறது, அவன் மனைவி பின்னியது. ஆனால் இந்த அளவில் ஒன்றை அவன் பார்த்ததில்லை. புரட்டினான். உட்புறம் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியைச் சீராக வைத்துத் தைத்திருந்தது.

"உள்துணி எதுக்கு?"

"பின்னல்ல ஓட்டை இருக்குல்ல. தூசி பூந்துடுமேன்னுதான்." அவள் கதவைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் கதவையும் பாருங்க. சல்லடை. சல்லடையில மாவே நிக்காது, தூசி எங்க நிக்கும்? செஞ்சவங்க ஏதோ அவசரத்துல இப்படி விட்டுட்டாங்கபோலன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க தூசி விஷயத்துல அவ்வளவு சொல்லிட்டுப் போனீங்க. அஞ்சு வாரமா ராத்திரி ராத்திரி உக்காந்து பின்னினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்த்திட்டு வீட்டுக்குப் போனேன். திங்கக்கிழமை வந்து பாத்தா இப்படி."

"போர்த்தினப்ப சத்தம் ஏதும் கேக்கலயா?"

"கேட்டுச்சு. விசில் மாதிரி. ஏற்கெனவே உள்ள போன தூசிய வெளிய தள்ளுது போலன்னு விட்டுட்டேன்."

கிமன்சி கூண்டின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தான். விசிறிகள் உயிரைப் பிடித்துக்கொண்டு சுழன்ற சத்தம் அது. சர்வர் முன்பக்கமாக மூச்சை இழுத்துப் பின்பக்கமாக விடும். அதன் மூக்கையும் வாயையும் அழகான பூ வேலையால் அடைத்துவிட்டு, இந்தம்மா கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். சிரிப்பு வர வேண்டிய விஷயம்தான். வேறொரு நாளாயிருந்தால், வேறொருவன் மாட்டிய சர்வராயிருந்தால், கிமன்சி சிரித்திருப்பான்.

மடிக்கணினியை இணைத்து சர்வரின் குறிப்பேட்டைத் திறந்தான். உடம்பு செத்தாலும் அது மட்டும் பேசும். வெள்ளி மாலை ஐந்தே காலுக்கு இருபத்தேழு டிகிரி. ஏழு மணிக்கு நாற்பத்து மூன்று. ஒன்பதுக்கு ஐம்பத்தெட்டு. அதன் பிறகு எழுத ஆளில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் பதினொன்று நைரோபிக்குப் போயிருந்தன. வெள்ளிக்கிழமை ராத்திரி நைரோபியில் யார் மின்னஞ்சல் பார்க்கிறார்கள்? சாமானிலேயே கோளாறு என்று எழுதித் தப்பலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவனுக்கு அந்தக் கதவும் மூடிவிட்டது. இந்த எண்களைப் பார்த்தால் நைரோபியில் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், யாரோ மூடிவிட்டார்கள் என்று.

அதற்குள் செவிலி முவேனி வாசலில் தலையை நீட்டினாள். கம்ப்யூட்டர் படுத்ததிலிருந்து மருத்துவமனை மறுபடியும் அட்டைகளை நம்பித்தான் ஓடுகிறது.

"மூமோ அம்மா, அந்த மலைப்பக்கத்து அம்மா வந்திருக்கு. சர்க்கரை. கால் விரல் எடுத்தாங்களே, பேரே வாயில வரல எனக்கு."

"நாலாவது வரிசை, கீழ் தட்டு. அட்டை மூலை எரிஞ்சிருக்கும், விளக்குல பட்டு," என்றாள் கலுக்கி. முவேனி எடுத்துக்கொண்டு போனாள். போன பிறகு கலுக்கி எழுந்து நாலாவது வரிசைக்குப் போய், அட்டை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"முன்னயெல்லாம் இப்படிப் போயிப் பாக்க மாட்டேன்," என்றாள், தனக்கே சொல்வது போல.

இனி, ஆறு வாரத்துக்கு முன் அவளிடம் அவன் கையெழுத்து வாங்கிய படிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சர்வர் வைக்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வரி. தரை எவ்வளவு எடை தாங்கும். கதவு எவ்வளவு அகலம். முன்னால் மூன்றடியும் பின்னால் இரண்டரை அடியும் காலியாக இருக்கிறதா. வெப்பம் பத்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையிலா. நில இணைப்புக் கம்பி உண்டா. தூக்க இரண்டு பேர் உண்டா. கனமானதைக் கூண்டின் அடியில் மாட்டியாயிற்றா. சரக்கிறக்கும் மேடை உண்டா என்றும் ஒரு வரி. கியாமூலுவில் சரக்கிறக்கும் மேடை என்றால் காவலாளி உட்காரும் பெஞ்சுதான், அதற்கும் கிமன்சி டிக் போட்டிருந்தான். இந்தப் படிவத்தை எழுதிய மகராசன் ஆயுளில் ஒரு தடவை செம்மண் தூசியில் தும்மியிருக்க மாட்டான். தூசிக்கு அதில் பாதி வரிதான்.

ஆனால் கிமன்சிக்குத் தூசியைத் தெரியும். தூசி குடித்த ஒரு சர்வரைப் போன வருடம் பிரித்துக் கொட்டியவன் அவன். அதனால் ஆறு வாரத்துக்கு முன், அன்றைக்கு இரண்டாவது இடமாக இங்கே மாட்டி முடித்துவிட்டு மூன்றாவதற்கு ஓடும் அவசரத்தில், அவன் அழுத்திச் சொன்னது அதை ஒன்றைத்தான். "ஒரு பொட்டுத் தூசி உள்ள போச்சுன்னா உங்களத்தான் கேப்பேன் மூமோ அம்மா." விளையாட்டாகத்தான் சொன்னான். முன்னால் மூன்றடிக்கு எதுவும் வைக்காதீர்கள் என்றான். அவளும் ஒரு நாற்காலிகூட வைக்கவில்லை. பிறகு இருபத்திரண்டு வரிக்கும் வரிசையாக டிக் போட்டு, அடியில் அவள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

அதில் பதினேழாவது வரி இப்படி இருந்தது: 'காற்று வரும் போகும் வழிகளை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாதென்று அறைப் பொறுப்பாளருக்கு வாய்மொழியாக விளக்கப்பட்டது.' அதற்கும் டிக் இருந்தது.

விளக்கவில்லை. அது கிமன்சிக்கு நன்றாகத் தெரியும். சர்வரைப் போர்த்தக் கூடாது என்று ஒருத்தருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் வடிகட்டிக்கு உடுப்புப் போட்ட வீட்டிலிருந்து காலையில் கிளம்பி வந்தவனுக்குத் தோன்றவில்லை.

நிர்வாக அதிகாரி முசேம்பியின் அறையில் அந்தப் படிவத்தின் நகல் மேசை மேலேயே இருந்தது. முசேம்பி கெட்டவர் இல்லை. கழுத்துப் பட்டையைக் காலையிலேயே தளர்த்திவிட்டு, நாளெல்லாம் யாருக்காவது பதில் எழுதிக்கொண்டிருக்கிற மனிதர்.

"உக்காருங்க என்ஜினியர். டீ சொல்லட்டுமா? சரி, நேரா விஷயத்துக்கு வர்றேன். யாரு தப்புன்னு எழுதாம வேற சர்வர் வராதுன்னு மேல சொல்லிட்டாங்க. எனக்கு ஒரு பேரு வேணும். ரெண்டு மணிக்குள்ள."

"ரெண்டு பேரு தப்பா இருந்தா?"

"அதுக்குப் படிவத்துல எடம் இல்ல. ஒரு கோடுதான் போட்டிருக்காங்க." அவர் நகலைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார். பதினேழாவது வரியின் மேல் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. "நீங்க சொல்லியிருக்கீங்க, அவ கையெழுத்துப் போட்டிருக்கா. இதுல பேச என்ன இருக்கு?"

"அவங்கள என்ன பண்ணுவீங்க?"

"நான் எங்க பண்றேன்? அரசாங்கச் சொத்து. வேலைய விட்டு அனுப்பத்தான் சொல்வாங்க. ஓய்வுக்கு நாலு வருஷம் இருக்கு, பாவம்." முசேம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டார். "நீங்க சொல்லலன்னா சொல்லுங்க, அதையும் எழுதிக்கறேன். உங்க பேரா அவ பேரா, எனக்கு ஒண்ணுதான்."

கிமன்சி வெளியே வந்து மேலாளருக்குப் போன் செய்தான். மேலாளர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "கையெழுத்து இருக்குல்ல? அப்புறம் எதுக்கு எனக்குப் போன் பண்ற? பதினேழ எழுதிட்டு வா. நம்ம பக்கம் தப்புன்னு வந்தா மாட்டினவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், ஜூலையில ரெண்டு பேர் போனது தெரியும்ல." தெரியும். அதில் ஒருவன் இப்போது மோட்டார் பைக்கில் ஆள் ஏற்றுகிறான். கிமன்சிக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேரும் விடுதிப் பள்ளியில். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு பைக்கும் ஓட்ட முடியாது.

அவன் திரும்பி வந்தபோது கலுக்கி ஒரு மூடிய தட்டில் முத்தோக்கோய் வாங்கி வைத்திருந்தாள். குத்திய சோளமும் பயறும், மேலே கொஞ்சம் கீரை. பக்கத்தில் டீ.

"சாப்பிடுங்க. அன்னைக்கும் நீங்க சாப்பிடாமதான் போனீங்க."

பசி இல்லையென்று சொல்ல வாயெடுத்தான், ஆனால் பசித்தது. கொன்றதாகச் சொன்னவள் வாங்கிக் கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே அவளுடைய வேலையை எடுக்கப் போகிறோம் என்று நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் சாப்பிட்டான்.

"முசேம்பி ஐயா அந்தத் தாள எங்கிட்டயும் காட்டினாரு," என்றாள் அவள். "பதினேழாவது. மூடக் கூடாதுன்னு நீங்க எங்கிட்ட சொன்னதா இருக்கு."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொல்லியிருப்பீங்க. தாள்ல பொய்யா இருக்கும்? எனக்குத்தான் ஞாபகம் வரல. ரெண்டு நாளா யோசிக்கிறேங்க. அன்னைக்கு நடந்த ஒவ்வொண்ணும் வருது, இது மட்டும் வரல." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வேலை போனாப் போகட்டும். மூமோ சோறு போடுவான். என் பயம் அது இல்ல. எங்க அக்கா ஒருத்தி இருக்கா, சியோம்புவான்னு. அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒரு விஷயம், ரெண்டு விஷயம். போன வருஷம் அடுப்புல பால வச்சுட்டு ஆத்துக்குத் தண்ணிக்குப் போனா. திரும்பி வந்து, இது யாரு வீடுன்னு அவ மகன்கிட்டயே கேட்டா. எனக்கும் அதே வயசுதான் ஆகுது. இந்தத் தலைய வச்சுத்தான் இருபத்திரண்டு வருஷம் பொழச்சேன் என்ஜினியர்."

அலமாரிப் பக்கம் காட்டினாள். ஒன்பதாயிரம் அட்டைகள் இருக்கலாம்.

"ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. எந்த எடத்துல நின்னு சொன்னீங்க? அத மட்டும் சொல்லுங்க. எடம் தெரிஞ்சா எனக்கு ஞாபகம் வந்துடும். எப்பவும் அப்படித்தான், எடத்தப் பிடிச்சா ஆளு வந்துடும்."

பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் மனிதன் களைத்திருந்தால் நாக்கில் எது கிடைக்கிறதோ அதுதான் வெளியே வரும். விடியற்காலை நாலரை, கவிழ்ந்த லாரி, மேலாளர், இடுப்பு என்று எல்லாம் சேர்ந்து அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. உண்மையைச் சொன்னால் இன்றைக்கே இன்னொரு முழு வேலை ஆரம்பமாகும். பொய்க்கு ஒரு வார்த்தை போதும்.

"ஜன்னல்கிட்ட நின்னுதான்," என்றான்.

"ஜன்னல்கிட்டயா?"

"ஆமா. கிளம்பறதுக்கு முன்னாடி."

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். வெகுநேரம் நின்றாள். அவள் நெற்றி சுருங்கி விரிவதைக் கிமன்சி பார்த்துக்கொண்டே இருந்தான். கையில் கரண்டி அப்படியே இருந்தது.

"ஆமா," என்றாள் கடைசியில், மெதுவாக. "ஜன்னல்கிட்ட. வெயில் உங்க முகத்துல பட்டுச்சு. மூடாதீங்கன்னு சொன்னீங்க. ஆமா, இப்ப வருது."

கண்ணைத் திறந்து அவனைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்டுபிடித்தவளின் முகமாக அது இல்லை. டாக்டரிடமிருந்து பெரிய நோயின் பெயர் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களின் முகத்தை அந்த மருத்துவமனையில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், அப்படி இருந்தது.

நடக்காத ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதைச் செய்தவன் கிமன்சி.

அந்த நேரம் பார்த்து முவேனி மறுபடியும் வந்தாள். "மூமோ அம்மா, சந்தைக்காரர் கிலாகு, மூச்சுத் திணறல். அட்டை எங்க?"

கலுக்கி வாயைத் திறந்தாள். "ரெண்டாவது வரிசை," என்றாள். பிறகு, "இல்ல, இரு. ஆறாவதா இருக்கும். ரெண்டுலயா..." கை கழுத்துக் கயிற்றுக்குப் போயிற்று. "நீயே தேடிப் பாத்துக்க தாயி. எனக்கு இன்னைக்கு ஒண்ணும் சரியா இல்ல."

முவேனி திகைத்துப் போய்க் கிமன்சியைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததாக அங்கே யாருக்கும் தெரியாது. அட்டை இரண்டாவது வரிசையில்தான் இருந்தது. எடுக்க முவேனிக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அதுவரை வெளியே பெஞ்சில் கிலாகு இழுத்த மூச்சு உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது.

கிமன்சி தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தான். நல்லவனாகிவிட வேண்டும் என்றெல்லாம் அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. இதையும் சுமந்துகொண்டு நைரோபி வரை வண்டி ஓட்டத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

முசேம்பியின் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினான். 'பதினேழாவது வரியில் கண்டபடி பொறுப்பாளருக்கு எதுவும் விளக்கப்படவில்லை. விளக்காமலே நான் டிக் போட்டேன். தூசி வரக் கூடாதென்று மட்டும் சொன்னேன். அவர் அதைத்தான் செய்தார்.' கீழே அந்த ஒற்றைக் கோட்டில் தன் பெயரை எழுதினான்.

முசேம்பி இரண்டு தடவை படித்தார்.

"உங்களுக்கு என்ன ஆச்சு? அவளே ஒத்துக்கிட்டாளே."

"ஒத்துக்கிட்டாங்க. நான் சொல்லவே சொல்லாதத, சொன்னேன்னு ஒத்துக்கிட்டாங்க."

"குடும்பம் இருக்கா?"

"ரெண்டு பொண்ணுங்க."

முசேம்பி பெருமூச்சு விட்டார். முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, தாளில் அழுத்தினார். "மை காயட்டும், தொடாதீங்க," என்றார்.

அவன் பதிவேட்டு அறைக்குத் திரும்பியபோது கலுக்கி ஒரு முக்காலியில் உட்கார்ந்து உறையின் உள்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தையலைக் கத்தியால் ஒவ்வொன்றாக வெட்டினாள்.

"மூமோ அம்மா. நான் சொல்லல."

அவள் நிமிர்ந்தாள்.

"மூடக் கூடாதுன்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. ஜன்னல்கிட்டயும் இல்ல, எங்கயும் இல்ல. தாள்ல இருக்கறது பொய். சித்த முன்னாடி சொன்னதும் பொய். இப்ப எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

வேலை என்ற சொல் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அப்ப நான் மறக்கலயா?"

"இல்ல."

"வெயில் உங்க முகத்துல பட்டுச்சுன்னு சொன்னேனே."

"நான் ஜன்னல் பக்கமே போகல. கதவுகிட்ட நின்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கதவைப் பார்த்தாள்.

"கதவுகிட்ட," என்றாள். "நீலப் பேனா. மூடி இல்ல. என் கட்டைவிரல்ல மை ஒட்டுச்சு, ரெண்டு நாளா போகல. டீய நின்னுக்கிட்டே பாதி குடிச்சீங்க, கப்ப மூணாவது வரிசைத் தட்டு மேல வச்சுட்டுப் போனீங்க. வெளிய வண்டி ஓடிக்கிட்டே இருந்துச்சு, நீங்க அணைக்கவே இல்ல. தூசின்னு மூணு தடவ சொன்னீங்க. மூடறதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

"ஆமா," என்றான். ஒவ்வொன்றும் அப்படித்தான் நடந்தது. வண்டியை அணைக்காததை அவனே மறந்திருந்தான்.

அவளுக்கு அழுகை வந்தது. முகத்தை மூடிக்கொள்ளாமல், துடைத்துக்கொள்ளாமல் அழுதாள். அது ஓய்ந்த பிறகு அவனைப் பார்த்த பார்வையில் நன்றி இருக்கும் என்று அவன் எதிர்பார்த்திருந்தால் அது அவன் தப்பு.

"என் வேலைய எடுத்திருந்தாக்கூட நான் உங்கள மன்னிச்சிருப்பேன் என்ஜினியர்," என்றாள். "பிள்ளைங்க இருக்கு, பயந்துட்டீங்கன்னு வச்சுக்குவேன். நீங்க என் தலையில கைய வச்சுட்டீங்க. நான் ஜன்னல்கிட்ட நின்னு, எங்க அக்காவ நெனச்சுக்கிட்டு நின்னேன். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரியாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மடிக்கணினியை மூடிப் பையில் போட்டான், கம்பிகளைச் சுருட்டி எடுத்தான். கூண்டிலிருந்து சர்வரைக் கழற்ற இன்னொரு ஆள் வேண்டும் என்பது படிவத்தில் ஒன்பதாவது வரி. ஆளைக் கேட்கத் தைரியம் வரவில்லை. தனியாகவே கழற்றினான், இடுப்பு சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிற்று.

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது முவேனி எதிரே வந்தாள். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"மூமோ அம்மா, ஒரு குழந்தை. பேரு தெரியல. போன மழைக்கு மலேரியாவோட வந்துச்சாம், அம்மா பச்சை லேசுத் துணி இடுப்புல கட்டியிருந்தாங்களாம். அவங்க பாட்டன்தான் கூட்டிட்டு வந்திருக்காரு, அவருக்கும் ஒண்ணும் தெரியல. நான் வேணா தேடிப் பாக்கட்டுமா?"

கலுக்கி கத்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏழாவது வரிசை, மேல் தட்டு, எடது கைப்பக்கம். மூணு அட்டை சேந்து ஒட்டிக்கிட்டு இருக்கும், நடுவுல உள்ளது. கிழிக்காம எடு."

முவேனி உள்ளே ஓடினாள். கிமன்சி கால் மாற்றி நின்று, சர்வரின் எடையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் தாண்டினான். வெளியே காற்று வலுத்திருந்தது.

"என்ஜினியர்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

நின்றான்.

"கதவச் சாத்திட்டுப் போங்க. தூசி வருது."